திருப்பித் தந்த தேதி

போன வருஷம் ஆடி மாதம் நண்பர் ஒருவர் காலமானார். மில்லில் என்னோடு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸில் இருந்தவர். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், அவர் மகன் போன் செய்தான். "மாமா, அப்பாவோட டூல்ஸ் ரெண்டு பெட்டி இருக்குதுங்க. வீட்டை வாடகைக்கு விடப் போறோம். எது எவ்வளவு போகும்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க ஒருக்கா வந்து பார்த்துச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றான். மறுநாள் காலையிலேயே போனேன். திண்ணையில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான். நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான்.

அந்தப் பெட்டிகளில் என்னென்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லக்கூடிய ஆள் நான். மிட்டுட்டோயோ வெர்னியர் ஒன்று, ஆயிரத்து ஐந்நூறு என்றேன். காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், இரண்டாயிரம். ஆறு இன்ச் வைஸ், தாடை தேயாமல் இருந்தது, மூவாயிரத்துக்குக் குறைத்துக் கொடுத்துவிடாதே என்றேன். ரிங் ஸ்பேனர் செட்டில் இரண்டு காணவில்லை, அதற்கேற்ப ஒரு விலை. ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கடைசியில் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த ஒன்றைப் பிரித்து, "இது என்னங்க மாமா, அரம் மாதிரி இருக்குது, பல்லே இல்லையே?" என்று கேட்டான். ஸ்க்ரேப்பர். தட்டையாக ஒன்று, அரைவட்டமாக ஒன்று, முக்கோணமாக ஒன்று. தேய்ந்த அரங்களைப் பல் போகச் சாணை பிடித்து அவரே செய்தவை. "எவ்வளவு போடட்டுங்க?" என்று பேனாவோடு காத்திருந்தான். "அதுக்கு ஒண்ணும் வராது கண்ணு" என்றேன். அவன் ஒரு பூஜ்யம் போட்டான்.

நான் சொன்னது பொய்யில்லை. பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து அரைக் கிலோ வராது. ஆனால் அந்தப் பூஜ்யம் பல நாள் என் கண்ணிலேயே நின்றது. மில் ஜெனரேட்டரின் பெரிய பேரிங் ஒருமுறை உருகிப்போய், புதிதாக ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகக் கலவை ஊற்றி வந்தது. அதை ஷாஃப்ட்டுக்குப் பொருத்தமாக ஸ்க்ரேப் செய்து கொடுத்தவர் இவர்தான். ஷாஃப்ட்டில் நீலத்தை மெல்லிசாகத் தடவி, பேரிங் பாதியை அதன்மேல் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், எங்கெங்கே மேடு இருக்கிறதோ அங்கே மட்டும் நீலப் புள்ளி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் அரைவட்ட ஸ்க்ரேப்பரால் வழிக்க வேண்டும். திரும்ப நீலம், திரும்ப வழிப்பு. முதலில் நாலு புள்ளி தெரியும், அப்புறம் பத்து, அப்புறம் முகம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பரவும். ராத்திரி ஷிப்ட் ஆரம்பித்து விடியற்காலை வரை டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பேரிங் அதற்கப்புறம் மில் மூடும் வரைக்கும் ஒருநாளும் சூடானதில்லை.

மூன்றையும் நானே கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது, அவருக்கு இடது கை. தீட்டிய ஓரம் என் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. இரண்டு நிமிஷம் சாணையில் பிடித்தால் எனக்கு ஆகிவிடும். பிடிக்க மனசு வரவில்லை. என் கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாளைக்கு என் மகன் யாரையாவது கூப்பிட்டுத் திண்ணையில் போர்வை விரிக்கும்போது, எதெதற்கெல்லாம் பூஜ்யம் விழும் என்று எண்ண ஆரம்பித்தேன்.

எல்லாமே இரண்டிரண்டு

என் கொட்டகை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் பாதிக் கருவிகள் இன்ச்சில், பாதி மில்லிமீட்டரில். எங்கள் தலைமுறை கோயமுத்தூர் ஃபிட்டர்கள் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து 1930-களில் மின்சாரம் வந்த பிறகு இந்த ஊரில் மில்கள் வரிசையாக எழுந்தன, மெஷின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. நான் 1973-ல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது ஓல்டாம் நகரத்து பிளாட் கம்பெனியின் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அதில் இருந்த போல்ட், நட்டு எல்லாம் விட்வொர்த் மரை. 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த கணக்கு அது. மரையின் கோணம் 55 டிகிரி, அரை இன்ச் போல்ட்டில் இன்ச்சுக்கு 12 மரை. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கப்புறம் உள்ளூரிலேயே செய்த மெஷின்கள் மெட்ரிக் மரையோடு வந்தன, கோணம் 60 டிகிரி. ஒரே ஷெட்டில் இந்த வரிசைக்கு ஒரு ஸ்பேனர், அந்த வரிசைக்கு வேறு ஸ்பேனர். விட்வொர்த் ஸ்பேனரில் அரை இன்ச் என்று அடித்திருந்தால் அது போல்ட்டின் அளவு, வாயின் அளவு கிடையாது. வாய் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் குறைவு. புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் முதல் வாரம் இதில் குழம்புவார்கள்.

மில் போய்விட்டது. அந்த மெஷின்களும் எடைக்குப் போய்விட்டன. அதனால் இன்ச் பக்கத்தை அப்படியே கழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் சரிப்படவில்லை. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை இன்றைக்கும் அதே 55 டிகிரிதான். அரை இன்ச் பைப்பில் இன்ச்சுக்கு 14 மரை. பிளாட் மெஷினுக்காக வாங்கிய மரை கேஜை வைத்துத்தான் போன மாதம் எங்கள் சம்ப் மோட்டார் லைனில் என்ன மரை என்று பார்த்தேன்.

அப்புறம் என் மைக்ரோமீட்டர், தடிமனை நூறில் ஒரு மில்லி வரை அளக்கும் கருவி. சீட்டுப் பணம் எடுத்து 1981-ல் வாங்கியது, 0 முதல் 25 மில்லி வரை. மரப்பெட்டியின் உள்ளே இருந்த வெல்வெட் என்றைக்கோ கிழிந்துவிட்டது, கருவி மட்டும் நேற்று வாங்கியது போல இருக்கும். ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. மில் மூடிய பிறகு இருபது வருஷம் நான் செய்ததெல்லாம் மோட்டார், பம்ப் வேலை. அதில் பெரும்பாலும் 6204 பேரிங், அது உட்காரும் ஷாஃப்ட் 20 மில்லி. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை அளந்து அளந்து, உள்ளே இருக்கும் ஸ்க்ரூ அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துவிட்டது. மூடினால் சரியாகப் பூஜ்யம் காட்டும். பத்தில் சரி, இருபத்தைந்திலும் சரி. இருபதில் மட்டும் ஒரு பாயிண்ட் குறைத்து 19.99 என்று காட்டும். பூஜ்யத்தைத் திருப்பி வைத்து இதைச் சரிசெய்ய முடியாது, அப்படிச் செய்தால் மற்ற இடமெல்லாம் தப்பாகிவிடும். எனக்குப் பழகிவிட்டது, இருபதுக்கு வந்தால் மனசுக்குள் ஒரு பாயிண்ட் கூட்டிக்கொள்வேன். தெரியாத ஒருத்தர் கையில் இது போனால், காட்டுவதை நம்பி ஷாஃப்ட்டைத் தடிமனாக விட்டுவிடுவார். பேரிங் இறுக்கமாக ஏறும், உள்ளே குண்டுகளுக்கு இடம் போதாது, ஓட ஓடச் சூடாகும். தப்பு எங்கே என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடாது. கருவியைக் கொடுத்தால் அதன் பொய்யையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெட்டியோடு விட்டுவிட்டுப் போவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

ஒரே கைக்குப் போக வேண்டும்

என் மனசில் அசையாமல் இருந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே ஆளிடம் போக வேண்டும். டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி, ஒரு செட் என்றால் மூன்று. முதல் டேப் வழி பிடிக்கும், இரண்டாவது வெட்டும், மூன்றாவது அடி வரை இறங்கும். அதைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் மூன்று பேருக்கும் பிரயோஜனம் இல்லை. முழுக் கொட்டகையும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஐம்பது வருஷமாக ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்தவை, பிரித்தால் போய்விடும் என்று.

யார் அந்த ஒரு ஆள்? மகன் பெங்களூரில் இருக்கிறான். "அப்பா, ஒண்ணையும் வித்துடாதீங்க, நான் வெச்சுக்கறேன்" என்றான். ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி செய்து அதில் வைக்கப் போகிறானாம். அவன் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்பேனரைக் கண்ணாடிக்குள் நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அடுத்து ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் வாங்கினால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், ஏற்றிய பொருள் தொலைந்தால் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அதனால் பூட்டித்தான் வைப்போம் என்றார்கள். நான் அதற்கு மேல் பேசவில்லை.

மிச்சம் இருந்தது என்னிடம் வேலை பழகிய தம்பி. பதினாறு வயதில் எடுபிடியாக வந்தவர், இன்றைக்குக் கணபதியில் சொந்தப் பட்டறை. சிஎன்சி லேத் இரண்டு ஓடுகிறது, ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அவருக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தபோது, அடுத்த வருஷம் இவை அவர் பட்டறையில் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னேன். "அவருகிட்ட இல்லாததா உங்ககிட்ட இருக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் காய் நறுக்கப் போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

நோட்டு

தை மாதம் ஒரு பிராக்கெட்டில் எம்10 டேப் போட வேண்டியிருந்தது. அதற்கு முதலில் துளை போட எட்டரை மில்லி டிரில்தான், எனக்கே தெரியும், ஆனாலும் எழுபது வயசில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2 என்று டிரில் அளவுகளை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டின் முன்பக்கம் முழுக்க இரவல் கணக்கு. ஒரு சாக்கெட் ஸ்பேனர் போன இடம் தெரியாமல் போன கோபத்தில் 1994-ல் ஆரம்பித்தது. தேதி, என்ன கருவி, யார், திருப்பித் தந்த தேதி என்று நாலு கட்டம். தெருவில் யார் எதைக் கேட்டு வந்தாலும் எழுதாமல் கொடுத்ததில்லை.

டிரில் அளவைப் பார்த்துவிட்டு மூடியிருக்கலாம். காற்றுக்குப் பக்கம் புரண்டு நடுவில் நின்றது, படிக்க ஆரம்பித்தேன். பேரிங் புல்லர் என்று வரிசையாக வந்தது, ஷாஃப்ட்டிலிருந்து பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி. அதற்கு எதிரில் ஒரே பெயர், மூன்றாவது தெருவில் மோட்டார் காயில் கட்டுகிறவர். விரல் வைத்து எண்ணினேன், பதினான்கு தடவை. அந்தப் புல்லர் கடையில் வாங்கியது கிடையாது. பழைய லாரி ஆக்சில் துண்டில் நடு ஸ்க்ரூவைக் கடைந்து, மூன்று காலையும் அடித்து நிமிர்த்தி நானே செய்தது. போர்வையில் விரித்தால் நிச்சயம் பூஜ்யம். இவர் அதற்காக மூன்று தெரு தாண்டி பதினான்கு தடவை வந்திருக்கிறார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பைப் டை செட்டுக்கு நேராகப் பிளம்பர் ஒருவர் பெயர், மழைக்காலத்தில் மட்டும் அதிகம். ரீமருக்கும் சர்க்ளிப் பிளையருக்கும் நேராக வெட் கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தங்கச்சி பெயர். அவள் வீட்டுக்காரர் போன பிறகு கடையை மூடாமல் அவளே எடுத்து நடத்துகிறாள். ஒன்பது தடவை வாங்கியிருக்கிறாள், ஒன்பது தடவையும் அன்றைக்குச் சாயந்திரமே திருப்பித் தந்த தேதி விழுந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தருவாள் என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் மூத்த மகள் பெயர் ஒரே ஒரு இடத்தில், 2011-ல், ஒரு ஸ்க்ரூ டிரைவர். திருப்பித் தந்த தேதி இல்லை. திருப்பூருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மிக்ஸி டிராயர்லயே இருக்குதுப்பா, தினமும் எடுக்கறேன்" என்றாள்.

மகன் பெயர் எங்கேயும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அவன் வேலை வேறு. என்னை நிறுத்தியது கணபதித் தம்பியின் பெயர். தனிப் பட்டறை போட்ட புதிதில் வாரம் ஒருமுறை வந்திருக்கிறது. மெல்ல மெல்லக் குறைந்து, 2003-க்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. ஒவ்வொன்றாகச் சொந்தமாக வாங்கிவிட்டார். வீட்டில் கேட்ட கேள்வி சரிதான். நான் கொடுத்தால் மரியாதைக்கு இரண்டு கையாலும் வாங்குவார், கொண்டுபோய்ப் பரணில் வைப்பார்.

சேர்ந்து இருந்தால்தான் உயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கொட்டகை, முப்பது வருஷமாகப் பிரிந்து பிரிந்து தெருவெல்லாம் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. யாருக்கு எது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்துக்கு, என் கையெழுத்திலேயே பதில் இருந்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் பட்டியல் போட்டேன். கருவிக்கு நேராக, அதை அதிகம் வாங்கியவர் பெயர். யோசிக்க வேண்டியதே இல்லாமல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. டேப் செட்டுகளை மட்டும் மூன்று மூன்றாகவே விட்டேன், அதில் என் கருத்து மாறவில்லை.

நோட்டில் வராதவை

இரவல் கொடுக்காத பொருட்களுக்கு நோட்டு ஒன்றும் சொல்லாது. அளவுக் கருவியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. மைக்ரோமீட்டர் ஒருமுறை கீழே விழுந்தால் விழுந்ததுதான், எடுத்தவருக்கே தெரியாமல் அது கெட்டிருக்கும். அதற்காகக் கணபதித் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்ததும் மைக்ரோமீட்டரையும் துல்லியமாக 20 மில்லி இருக்கும் ஸ்லிப் கேஜ் கட்டையையும் கையில் கொடுத்து, "அளந்து சொல்லு தம்பி" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு முகத்தையும் வெள்ளைத் தாளை நடுவில் கவ்வ வைத்து இழுத்துச் சுத்தம் செய்தார். மூடிப் பூஜ்யம் பார்த்தார். கட்டையை வைத்து ராச்செட்டை மூன்று சொடுக்குச் சுற்றினார். பேசவில்லை. திரும்ப ஒருமுறை. "19.99 காட்டுதுங்ண்ணா" என்றார். நான் சும்மா இருந்தேன். "பத்து மில்லிக் கட்டை இருக்குதுங்களா?" என்று கேட்டு வாங்கினார். அதில் சரியாக இருந்தது. இருபத்தைந்தையும் போட்டுப் பார்த்தார். அப்புறம் கருவியை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டே, "நடுவுல தேஞ்சிருக்குதுங்ண்ணா. எல்லாம் மோட்டார் ஷாஃப்ட்டா அளந்தீங்களா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மற்ற எதையும் அவர் கேட்கவில்லை. இதை மட்டும், "நான் எடுத்துக்கட்டுங்களா?" என்றார். பட்டறையில் எல்லாம் டிஜிட்டல், அவருக்கு அளக்க இது தேவையில்லை. இப்போது வேலைக்கு வருகிற பையன்கள், ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரும் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவனும், திரையில் வருகிற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்களாம். "இவனுங்களுக்கு வாயால சொன்னா ஏறாதுங்ண்ணா. இதையும் கட்டையையும் கொடுத்து, எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுட்டு வான்னு சொல்லுவேன்" என்றார். ஸ்லிப் கேஜ் மூன்றையும் சேர்த்தே கொடுத்து அனுப்பினேன். பெட்டிக்குள், 'இருபதில் ஒரு பாயிண்ட் குறைத்துக் காட்டும்' என்று நான் எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து என்னிடமே தந்துவிட்டுப் போனார், பையன்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

ஸ்க்ரேப்பர்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை. நண்பருடையது மூன்று, என்னுடையது இரண்டு, ஆணியில் தொங்குகின்றன. கையால் ஸ்க்ரேப் செய்ய ஆசைப்பட்டு யாராவது வந்தால் கற்றுத்தரத் தெம்பு இருக்கிறது. வராவிட்டால் மகன் கண்ணாடி அலமாரிக்கு அவை ஐந்தும் போகட்டும், என்ன வேலை செய்தவை என்று இந்தப் பதிவைப் படித்தாவது அவன் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். அரங்களைப் பற்றி யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புது அரம் ஒன்றே ஒன்று இருந்தது, அதை வாங்கிக்கொண்ட கிரைண்டர் கடைத் தங்கச்சி, "முதல்ல பித்தளைக்குப் போட்டுட்டு அப்புறந்தான் இரும்புக்குங்களாண்ணா?" என்று அவளே கேட்டாள்.

கொடுத்ததை எல்லாம் நோட்டில்தான் எழுதினேன், வழக்கம் போல நாலு கட்டத்திலும். திருப்பித் தந்த தேதி என்கிற இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். காயில் கட்டுகிறவர் புல்லரை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நாள் கழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார், பழக்கம். உங்களுடையதுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

போன வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் பேரிங் சத்தம். கழற்றி வைத்துவிட்டு ஆணியைப் பார்த்தேன், புல்லர் இல்லை. போன் செய்தேன், கால் மணி நேரத்தில் சைக்கிளில் கொண்டுவந்தார். கையில் கொடுப்பதற்கு முன்னால், "நோட்டு எங்கீங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதி போட்டு, பேரிங் புல்லர் என்று எழுதி, யார் என்கிற கட்டத்தில் என் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டார்.